டீசல் போட்டுக் கழுவிய வாய்க்கால்

டமால் என்று இரும்பு வாளி உருண்டது. அதன் மேலேயே தாவிக் குதித்து ஓடி வந்தார் பஞ்சர் கடைக்காரர்.

"அக்கா! ஜீப்பு! ஜீப்பு வந்துடுச்சு!"

லாரிக்கு அடியில் மல்லாந்து படுத்துச் சேற்றைச் சுரண்டிக்கொண்டிருந்தவள் பதறி எழுந்ததில், நெற்றி சேசிஸ் சட்டத்தில் நங்கென்று மோதியது. வலியைப் பார்க்க நேரமில்லை. அப்படியே உருண்டு வெளியே வந்தாள்.

"நாளைக்குத்தானே வர்றதா சொன்னாங்க?"

"கவர்மென்ட்டு என்னைக்குச் சொன்ன நாள்ல வந்திருக்கு? எப்பவும் லேட்டா வரும். இன்னைக்கு முன்னாடியே வந்து நிக்குது. காலம் கெட்டுப் போச்சுக்கா!"

சொல்லிவிட்டு அவர் தன் கடைக்கே திரும்பி ஓடினார். அவர் கடை வாசலிலும் கருப்பு எண்ணெய் ஒரு தகர டப்பா நிறைய இருந்தது. அதை எங்கே ஒளிப்பது என்ற கவலை அவருக்கு.

நெடுஞ்சாலையை ஒட்டிய அந்த வாட்டர் சர்வீஸில் லாரி, பஸ், டிராக்டர் என்று சக்கரம் வைத்த எல்லாவற்றையும் கழுவுவார்கள். முன்னால் லாரி ஏறி நிற்க ஒரு கான்கிரீட் மேடை, பக்கத்தில் பம்ப் ஷெட், பின்னால் தகரக் கூரை போட்ட வீடு. புருஷன் குழாயைப் பிடிப்பார், பெண்டாட்டி பிரஷ்ஷைப் பிடிப்பாள். டிரைவர்கள் எல்லாருக்கும் அவள் சர்வீஸ் அக்கா. கல்யாணப் பத்திரிகையில் அச்சடித்த பெயரை அவளே மறந்து போயிருப்பாள். அவள் வீட்டுக்காரருக்குப் பிரஷர் என்று பட்டப்பெயர். அது அவர் ஓட்டுகிற பம்பால் வந்ததா, மூக்குக்கு மேல் நிற்கிற கோபத்தால் வந்ததா என்பது இன்று வரைக்கும் தீராத வழக்கு.

அந்த பிரஷர் இப்போது பம்ப் ஷெட் வாசலில் நின்று, ஜீப் வருகிற திசையைப் பார்த்துச் சட்டைப் பொத்தானை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தார். முகத்தில் என்றுமில்லாத ஒரு தெளிவு.

"வரட்டும். வந்து பார்க்கட்டும். நம்ம வாய்க்கால்ல சோறு போட்டுத் தின்னலாம். அப்படி வெச்சிருக்கேன்" என்றார்.

அப்போதுதான் அவளுக்கு அந்த வாசனை உறைத்தது. காலையிலிருந்தே மூக்கில் இருந்ததுதான். லாரியிலிருந்து வருகிறது என்று நினைத்திருந்தாள். இப்போது காற்று திரும்பியதும் குப்பென்று அடித்தது. டீசல்.

கேட்பதற்குள் ஜீப் வந்து நின்றுவிட்டது.

நெடுஞ்சாலை ஓரத்துப் பிழைப்புக்காரர்களுக்கு அந்த ஆறேழு மாதமாகத் தூக்கம் போயிருந்தது. சாலையோர வடிகாலில் எண்ணெயும் சோப்பும் கலந்த தண்ணீரை அப்படியே விடக் கூடாது என்று புதுச் சட்டம் வரப் போகிறதாம். அதை அமல்படுத்துவதற்கு முன்னால் யார் யார் தண்ணீர் எங்கே போகிறது, யாரால் யாருக்குக் கெடுதல் என்று சாலை நெடுகப் போய் விசாரிக்கிறார்களாம். 'இது வெறும் விசாரணைதான், யாரும் பயப்பட வேண்டாம்' என்று ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ சொல்லிக்கொண்டே போனது. பயப்பட வேண்டாம் என்று அரசாங்கம் சொன்னால் யாருக்குத்தான் பயம் வராது? மெக்கானிக் ஷெட், சாப்பாட்டுக் கடை, பெயின்ட் பட்டறை என்று எங்கே போனாலும் ஒரே சொல்தான் அடிபட்டது. சீல்.

சர்வீஸ் அக்காவுக்கு இதற்கு மேல் இன்னொரு பயமும் இருந்தது. சாலையின் சரிவில் அடுத்தாற்போல் இருப்பது அவள் தங்கச்சி வீடு. அப்பா விட்டுப்போன நிலத்தில் மேல் பாதி இவளுக்கு, கீழ்ப் பாதி தங்கச்சிக்கு. தங்கச்சி வீட்டுக்காரர் அங்கே செடிப் பண்ணை வைத்திருந்தார். ரோஜா, குரோட்டன்ஸ், பழக்கன்று எல்லாம் கறுப்புப் பைகளில் வரிசை கட்டி நிற்கும். போன மழைக் காலத்திலிருந்து அந்தப் பண்ணைக் கிணற்றில் எண்ணெய் மிதக்க ஆரம்பித்தது. இலைகளின் ஓரங்கள் கருகின. வாங்கிப் போனவர்கள் செத்த செடியைத் திருப்பிக்கொண்டு வந்தார்கள்.

மேலே லாரி கழுவுகிறார்கள், கீழே கிணறு கெடுகிறது. இதற்குப் பஞ்சாயத்து எதற்கு?

"தண்ணி மேட்டுலேருந்து பள்ளத்துக்குத்தானே வரும் அண்ணி?" என்று செடிக்காரர் ஒரு நாள் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் வைத்துக் கேட்டார். குரலை உயர்த்தவில்லை. அதுதான் இன்னும் சுருக்கென்றது.

பிரஷர் எழுந்துவிட்டார். "என் தண்ணி இல்ல! எங்க வேணா சத்தியம் பண்றேன். என் தண்ணி உங்க கிணத்துக்கு வந்துச்சுன்னா இந்தப் பம்பை நானே உடைச்சுப் போடுறேன்!"

அன்றோடு போக்குவரத்து நின்றது. வேலிக்கு இந்தப் பக்கம் அக்காவும் அந்தப் பக்கம் தங்கச்சியும் துணி உலர்த்துவார்கள். பார்வை படும். உடனே இரண்டு பேருக்கும் துணியில் சுருக்கம் எடுக்கிற வேலை வந்துவிடும்.

சர்வீஸ் அக்காவுக்கு மனசு ஒரு நிலையில் நின்றதில்லை. மேடையிலிருந்து நுரையும் கறுப்புமாக வாய்க்காலில் இறங்கும் தண்ணீரைப் பார்க்கும்போதெல்லாம், நம்முடையதுதானோ என்று தோன்றும். ஆனால் புருஷன் அடித்துச் சொல்கிறாரே. கோபக்காரர்தான், பொய்க்காரர் இல்லை. அவ்வளவு உறுதியாக ஒரு மனுஷன் சும்மாவா சொல்வார்? அந்த ஒரு நம்பிக்கையைப் பிடித்துக்கொண்டுதான் அவள் இத்தனை நாள் ஓட்டினாள்.

ஜீப்பிலிருந்து இறங்கியவர் ஒரு பெண் அதிகாரி. காலில் முட்டி வரைக்கும் ரப்பர் பூட்ஸ், தலையில் துணித் தொப்பி. பின்னாலேயே ஓர் உதவியாளர், கையில் கண்ணாடிக் குப்பிகள் அடுக்கிய பெட்டி.

அதிகாரி வணக்கம் சொன்னார். சொல்லிவிட்டு மூக்கைச் சுருக்கினார்.

"என்ன இது, டீசல் வாசனை?"

"லாரிங்க மேடம்" என்றார் பிரஷர். "லாரின்னா டீசல் வாசனை அடிக்கும்."

"லாரி அங்க நிக்குது. வாசனை இங்க வருது."

"காத்து, மேடம்."

"காத்து அந்தப் பக்கமா அடிக்குது."

பிரஷர் காற்றைத் திரும்பிப் பார்த்தார், அது தன்னைக் காட்டிக்கொடுத்துவிட்டதைப் போல.

அதிகாரி வாய்க்கால் ஓரம் உட்கார்ந்து ஒரு குப்பியை முக்கி எடுத்து வெயிலில் பிடித்தார். தண்ணீருக்கு மேல் விரல் கனத்துக்கு மஞ்சளாக ஒரு படலம் நின்றது. வாய்க்கால் சுவர் என்னவோ உண்மையிலேயே பளபளவென்றுதான் இருந்தது. வருஷக் கணக்கில் படிந்த கறுப்பு முழுக்கக் காணாமல் போய், சிமென்ட்டின் பழைய நிறம் தெரிந்தது. ஓடுகிற தண்ணீர்தான் வானவில்லாக மின்னியது.

"இந்த ரோட்டுல இது வரைக்கும் எத்தனையோ சர்வீஸ் பார்த்துட்டேன். இவ்வளவு மோசமான தண்ணியை எங்கேயும் பார்க்கல" என்றார் அதிகாரி.

சர்வீஸ் அக்கா புருஷனை ஷெட்டுக்குப் பின்னால் இழுத்துப் போனாள்.

"என்னங்க பண்ணி வெச்சீங்க?"

"சத்தம் போடாதடி. சுத்தம் பண்ணேன்."

"எதால?"

"எதாலன்னா? சேசிஸ்ல கிரீஸ் பிடிச்சா எதால கழுவுறோம்? டீசல் அடிச்சு, ஊற விட்டு, பிரஷ்ஷால தேய்ச்சாத்தானே போகும்? வாய்க்கால்லயும் அதே கிரீஸ்தானே? விடியக் காலையிலேயே ஒரு கேன் எடுத்து ஊத்தி, மொழுமொழுன்னு தேய்ச்சு விட்டேன். நீ எழுந்து பார்த்து அசந்து போவன்னு நெனச்சேன்."

அவள் அசந்துதான் போனாள்.

"எண்ணெய் கலந்த தண்ணி விடுறாங்களான்னு பார்க்க வர்றவங்க முன்னாடி, எண்ணெயை ஊத்தியா கழுவி வெச்சீங்க? பரீட்சைக்குப் போற பிள்ளை மூஞ்சியில மையைப் பூசிட்டுப் போன கதையால்ல இருக்கு! லாரியைக் கழுவிக் கழுவி உங்களுக்கு உலகமே லாரியாத் தெரியுதா?"

"எனக்குத் தெரிஞ்ச வேலை அதுதானடி" என்றார். குரலில் பிரஷரே இல்லை.

அவளுக்கு ஒரு நொடி சிரிப்பு வந்தது, அதை அழுகை முந்தப் பார்த்தது, இரண்டையும் விழுங்கிக்கொண்டாள். தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன? நேராக அதிகாரி முன்னால் போய் நின்றாள்.

"மேடம், உள்ளதைச் சொல்லிடுறேன். நீங்க வர்றீங்கன்னு வாய்க்காலைச் சுத்தம் பண்றேன்னு எங்க வீட்டுக்காரர் இன்னைக்குக் காலையில ஒரு கேன் டீசலை ஊத்தித் தேய்ச்சிருக்கார். தினமும் இப்படி இருக்காது. தினமும் சோப்பும் சேறும் கொஞ்சம் கிரீஸும்தான் போகும். அதுவும் தப்புதான்னு வெச்சுக்குங்க. ஆனா இது வேற."

உதவியாளர் குனிந்துகொண்டார். அவர் தோள் குலுங்கியது. அதிகாரி மட்டும் சிரிக்கவில்லை. பிரஷரைத் தலை முதல் கால் வரை ஒரு பார்வை பார்த்தார்.

"இன்னைக்குக் காலையில மட்டும்தானா? இதுக்கு முன்னாடி எப்பவாவது?"

"இல்லைங்க. டீசல் விக்கிற விலையில வாய்க்காலுக்கு யாருங்க ஊத்துவா?"

"நல்லது. கீழ ஒரு செடிப் பண்ணையில கிணறு கெட்டுப் போச்சுன்னு சொன்னாங்க. உங்க தண்ணி அங்க போகுதான்னு பார்க்கத்தான் இன்னைக்கு வந்தேன். அதுக்காகப் பச்சைச் சாயப் பொடி கொண்டு வந்திருக்கேன். உங்க வாய்க்கால்ல கரைச்சு விட்டா எங்க போகுதுன்னு கண்ணுக்குத் தெரியும். இப்ப அதுக்கு வேலையே வைக்கல நீங்க. உங்க டீசலே வழி காட்டும். வாங்க, பின்னாலேயே போவோம்."

போனார்கள். முன்னால் அதிகாரி, கையில் ஒரு குச்சி. பின்னால் குப்பிப் பெட்டி. அதற்குப் பின்னால் புருஷனும் பெண்டாட்டியும், சவ ஊர்வலத்தில் நடப்பதைப் போல. கொஞ்சம் தள்ளிப் பஞ்சர் கடைக்காரரும் ஒட்டிக்கொண்டார். தன் டப்பாவை எங்கேயோ பத்திரப்படுத்திவிட்டதால் அவருக்கு இப்போது மற்றவர் கஷ்டத்தைப் பார்க்கத் தெம்பு வந்திருந்தது.

வெயில் ஏறியிருந்தது. பக்கத்தில் லாரிகள் மேட்டில் முக்கி முனகி ஏறிக்கொண்டிருந்தன. அந்த ஏற்றம் பொல்லாதது. பாரம் ஏற்றிய வண்டி எல்லாம் அங்கே வந்துதான் கியரை மாற்றி, கறுப்பாகப் புகை விட்டு, ஒரு சொட்டு எண்ணெயாவது காணிக்கை வைத்துவிட்டுப் போகும். இறங்குகிற வண்டிகள் பிரேக்கை மிதித்து ரப்பர் கருகும் நாற்றத்தைப் பரப்பும். அந்த நாற்றத்திலேயே வளர்ந்தவர்களுக்கு அது நாற்றமாகவே தெரிவதில்லை.

சாலையோர வடிகாலில் வானவில் முன்னால் போய்க்கொண்டே இருந்தது. சர்வீஸ் அக்கா அதை மட்டுமே பார்த்து நடந்தாள். பண்ணை வேலி நெருங்கிவிட்டது. அந்த வேலி ஓரம் தங்கச்சி நின்றிருந்தாள், கையில் பூவாளியோடு. அவளுக்குப் பின்னால் செடிக்காரர்.

'இன்னும் பத்தடி போனா முடிஞ்சுது' என்று சர்வீஸ் அக்கா நினைத்தாள். கடை போனால் வேறு பிழைப்பு பார்க்கலாம். புருஷனுக்கும் தனக்கும் கை கால் இருக்கிறது. ஆனால் தங்கச்சியின் கிணற்றை நாங்கள்தான் கெடுத்தோம் என்று ஆகிவிட்டால், அதற்குப் பிறகு எந்த முகத்தோடு அந்த வேலியில் துணி உலர்த்துவது?

வேலி ஆரம்பிக்கிற இடத்தில் வடிகால் முழுக்கப் புல்லும் முள்ளுமாகப் புதர் மண்டிக் கிடந்தது. தண்ணீர் அதற்குள் நுழைந்து மறைந்தது. அதிகாரி நின்றார்.

"இந்தப் பக்கம் வெளியே வரணும்ல?" என்று புதருக்கு அப்பால் போய்ப் பார்த்தார். அங்கே வடிகால் காய்ந்து கிடந்தது. வெடித்த சேறு, ஒரு பழைய செருப்பு, அவ்வளவுதான்.

"தண்ணி எங்க போச்சு?" என்றார் செடிக்காரர் வேலிக்குள் இருந்தபடியே. அவர் அந்தக் குடும்பத்தோடு பேசியது பல மாதங்களில் அதுதான் முதல் தடவை.

"பூமி குடிச்சிருக்கும்" என்றார் பஞ்சர் கடைக்காரர்.

அதிகாரி குச்சியால் புதரை விலக்கினார். உதவியாளர் அரிவாள் கேட்டார். செடிக்காரர் கொடுத்தார். வெட்டி விலக்கியதும் தெரிந்தது, சாலைக்கு அடியில் குறுக்கே போகும் ஒரு பெரிய சிமென்ட் குழாய். வானவில் அமைதியாக அதற்குள் போய்க்கொண்டிருந்தது.

எல்லாரும் வண்டிகளுக்கு நடுவே உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு சாலையைத் தாண்டினார்கள். அந்தப் பக்கம் கல்லெடுத்துக் கைவிட்ட பெரிய பள்ளம். குழாய் வாயிலிருந்து சொட்டிய தண்ணீரில் டீசல் மின்னியது. பள்ளத்தின் அடியில் வருஷக் கணக்கான நுரையும் கறுப்பும் பாளம் பாளமாக உறைந்திருந்தன.

"உங்க தண்ணி இங்கதான் வருது. பண்ணைக்குப் போகல" என்றார் அதிகாரி.

சர்வீஸ் அக்கா அப்படியே ஒரு கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டாள். தங்கச்சி பூவாளியைக் கீழே வைத்தாள். வைத்த பிறகுதான் அதையும் தூக்கிக்கொண்டு சாலையைத் தாண்டியிருக்கிறோம் என்பதே அவளுக்குத் தெரிந்தது.

"பார்த்தீங்களா! பார்த்தீங்களா!" என்று பிரஷர் குதித்தார். "நான் என்ன சொன்னேன்? என் தண்ணி இல்ல!"

"கொஞ்சம் இருங்க" என்றார் அதிகாரி. "மேல ஓடுறது இங்க வருது, சரி. மண்ணுக்குள்ள ஊறிப் போயிருந்தா? கிணத்தையும் பார்த்துடுவோம்."

குதித்த பிரஷர் பாதியில் நின்றார்.

பண்ணைக்குத் திரும்பி வந்து, கிணற்றுத் தண்ணீரை ஒரு குப்பியிலும், சர்வீஸ் மேடையில் சோப்போடு பிடித்து வந்த தண்ணீரை இன்னொரு குப்பியிலும் அடைத்து, இரண்டையும் கையில் வைத்துக் குலுக்கினார் அதிகாரி. மேடைத் தண்ணீர் பொங்கி நுரைத்தது. கிணற்றுத் தண்ணீரில் நாலு குமிழி கிளம்பி உடனே உடைந்தது. கொஞ்ச நேரம் அசையாமல் வைத்ததும் அதன் அடியில் மாவு மாதிரிக் கறுப்புத் தூள் படிந்தது.

"லாரி கழுவின தண்ணின்னா சோப்பு இருக்கணும். இதுல இல்ல. லேப்ல பார்த்துட்டுத்தான் எழுத்துல கொடுப்பேன். ஆனா இது வேற எங்கேருந்தோ வருது." தங்கச்சியிடம் திரும்பினார். "கிணத்துல எண்ணெய் எப்பம்மா அதிகமாத் தெரியும்?"

"மழை பெஞ்ச மறுநாள் மேடம்."

"மழை இல்லாத நாள்ல?"

தங்கச்சி யோசித்தாள். "கம்மியாத்தான் இருக்கும்."

"மழை பெய்யறப்போ சர்வீஸ் நடக்குமா?"

"மழையில எவன் மேடம் லாரி கழுவ வருவான்?" என்றாள் சர்வீஸ் அக்கா. சொல்லி முடிக்கும்போதே அக்காவும் தங்கச்சியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இவ்வளவு சின்னக் கேள்வி. இரண்டு வீட்டிலும் ஒருவருக்கும் தோன்றவில்லை. கோபம் வந்தால் கண்ணோடு சேர்த்துக் காதும் அடைத்துக்கொள்கிறது.

அதிகாரி கிணற்றைச் சுற்றி வந்தார். சாலைப் பக்கத்து மூலையில் எருக் குவியலும் மண் கலவை மூட்டைகளும் மலை மாதிரிக் கிடந்தன.

"இதைக் கொஞ்சம் நகர்த்த முடியுமா?"

"அது ரோடு அகலப்படுத்தினப்போ கொட்டின மண்ணுங்க. அதுக்கு மேலதான் எருவைப் போட்டேன்" என்றார் செடிக்காரர்.

மண்வெட்டி வந்தது. செடிக்காரர் ஒரு பக்கம் வெட்ட, யாரும் கூப்பிடாமலேயே பிரஷர் இன்னொரு பக்கம் கை போட்டார். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் போட்டி போட்டு வெட்டினார்கள். கொஞ்ச நேரத்தில் மண்வெட்டி டணார் என்றது. பாதி புதைந்த ஒரு குழாய் வாய். அதிலிருந்து கிணற்றை நோக்கி மண் முழுக்கக் கன்னங்கரேலென்று, நனைந்த கரி மாதிரி. பிரஷர் ஒரு துளி எடுத்து விரலில் தேய்த்து மோந்தார்.

"டயரு. பிரேக்கு. இஞ்சின் ஆயிலு. இது கழுவின அழுக்கில்ல மேடம், ரோட்டு அழுக்கு."

"அப்படித்தான் எனக்கும் தோணுது. மேல ஏத்தத்துல ரோட்டோரம் ஒரு கம்பி மூடி பார்த்தேன். மழைத் தண்ணி இறங்குறதுக்கு வெச்சது. அதுவும் இதுவும் ஒண்ணான்னு பார்க்கணும். நிறையத் தண்ணி வேணுமே."

பிரஷரின் முகம் மலர்ந்தது. தண்ணீர் வேண்டும் என்று அரசாங்கமே அவரைக் கேட்கிறது!

பம்ப் உறுமியது. குழாயைத் தோளில் சுருட்டிப் போட்டுக்கொண்டு அவர் ஏற்றத்தில் ஏறினார். கம்பி மூடிக்குள் உதவியாளர் சாயப் பொடியைக் கொட்ட, பிரஷர் முழு வேகத்தில் பாய்ச்சினார். கீழே பண்ணையில் செடிக்காரர் குழாய் வாய்க்கு நேராகக் குனிந்து, காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"தள்ளி நில்லுங்க" என்றாள் சர்வீஸ் அக்கா.

"ஒண்ணும் வரல அண்ணி. வெறும் காத்துதான்..."

கடகடவென்று உள்ளே ஏதோ உருண்டது. அடைத்திருந்த கறுப்புச் சேறு முதலில் வந்தது. பின்னாலேயே பச்சைப் பசேலென்று தண்ணீர் சீறிக்கொண்டு வந்தது. செடிக்காரர் எழுந்தபோது, அவருடைய பண்ணையிலேயே அத்தனை பச்சையாக ஒரு செடி இல்லை.

தங்கச்சிதான் முதலில் சிரித்தாள். வாயைப் பொத்திப் பார்த்தாள், முடியவில்லை. சர்வீஸ் அக்கா அவள் தோளைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிடித்த கையை எடுக்கவே இல்லை. சிரிப்பு எங்கே முடிந்து அழுகை எங்கே ஆரம்பித்தது என்று இரண்டு பேருக்கும் தெரியாது. பஞ்சர் கடைக்காரர் மட்டும், "பழி ஓரிடம், பாவம் ஓரிடம்னு சும்மாவா சொன்னாங்க!" என்று தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார்.

அதிகாரி தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டார். "ரோடு போட்டவங்க, தண்ணியை எங்கயாவது இறக்கினாப் போதும்னு இங்க இறக்கிட்டு, மண்ணைப் போட்டு மூடிட்டுப் போயிட்டாங்க. இது அரசாங்கக் குழாய். உங்களைப் பிடிக்க வந்துட்டு எங்க ஆளுங்களையே பிடிச்சிருக்கேன். மேலிடத்துல எனக்கு மாலை போட மாட்டாங்க."

"எழுதாம விட்டுடுவீங்களா மேடம்?" என்றாள் தங்கச்சி.

"எழுதாம விட்டா நான் எதுக்கும்மா இந்த பூட்ஸைப் போட்டுட்டு வெயில்ல அலையறேன்? இதுக்குத்தானே முன்கூட்டியே விசாரிக்கிறது? யாருன்னே தெரியாம சட்டத்தைத் தூக்கிட்டு வந்தா, முதல்ல மாட்டுறது லாரி கழுவுறவர்தான். கண்ணுக்கு எதிர்ல நிக்கிறவர் அவர்தானே. குழாயை வேற பக்கம் திருப்பச் சொல்லி எழுதுறேன். அது வரைக்கும் வாயை அடைச்சு வைக்கச் சொல்றேன். கிணத்தை ஒரு தடவை முழுக்க இறைச்சுடுங்க."

"இறைச்சுடலாம். பம்பு என்னோடது" என்றார், மேலேயிருந்து ஓடி வந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்த பிரஷர்.

"உங்களுக்கும் சொல்லணும். நீங்க தப்பிச்சாச்சுன்னு நினைக்காதீங்க. அந்தக் கல்லுப் பள்ளம் என்ன பாவம் பண்ணுச்சு? மேடைக்குப் பக்கத்துல மூணு அறை வெச்சு ஒரு தொட்டி கட்டுங்க. சேறு ஒண்ணுல தங்கும், எண்ணெய் ஒண்ணுல மிதக்கும், கடைசியில தெளிஞ்ச தண்ணி போகும். எப்படிக் கட்டறதுன்னு என் உதவியாளர் இவரு வந்து காட்டுவார். சட்டம் வர்றதுக்கு இன்னும் நாள் இருக்கு. கட்டிட்டா யாரும் உங்க பக்கம் வர மாட்டாங்க."

"சீலு?" என்றாள் சர்வீஸ் அக்கா.

"எதுக்கு சீல்? உள்ளதைச் சொன்ன இடத்துக்கா?" அதிகாரி ஜீப்பில் ஏறிக்கொண்டே பிரஷரைப் பார்த்தார். "தொட்டி கட்டி முடிச்சதும் பார்க்க வருவேன். தயவு பண்ணி அதை டீசல் போட்டுக் கழுவிடாதீங்க."

ஜீப் போனது. எல்லாருக்கும் ஒரே நேரத்தில் பசி வந்தது. காலையிலிருந்து யார் வாயிலும் பச்சைத் தண்ணீர்கூடப் படவில்லை. பட்டதெல்லாம் செடிக்காரர் மேல்தான்.

சர்வீஸ் அக்கா அடுப்பைப் பற்ற வைத்தாள். தங்கச்சி கேட்காமலேயே வந்து வெங்காயத்தை எடுத்து உரிக்க உட்கார்ந்தாள். கத்தி எந்த ஆணியில் தொங்கும், உப்பு எந்த டப்பாவில் இருக்கும் என்று ஒன்றையும் அவள் மறந்திருக்கவில்லை.

"இளைச்சுட்ட" என்றாள் அக்கா.

"நீ மட்டும் என்னவாம்? நெத்தி ஏன் வீங்கியிருக்கு?"

"லாரி முட்டிடுச்சு."

"லாரி உன்னை முட்டுச்சா, நீ லாரியை முட்டினியா?"

"உன் வீட்டுக்காரர் மேல இருக்கிற கோபத்துக்கு நான்தான் முட்டியிருப்பேன்."

"முட்டியிருக்கலாம் நீ. நேரா வந்து முட்டியிருந்தா எப்பவோ முடிஞ்சிருக்கும். மழை பெய்யறப்போ நீ கடையைச் சாத்திட்டுப் படுத்துத் தூங்குவியே, எனக்குத் தெரியும்தானே? அது ஏன் எனக்கு ஞாபகம் வரல?" வெங்காயத்தின் பேரில் தங்கச்சி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

வாசலில் பிரஷர் குழாயைப் பிடிக்க, செடிக்காரர் நின்று சோப்பு போட்டுக் குளித்துக்கொண்டிருந்தார். பச்சை போவேனா என்றது. "லாரிக்குப் போடுற சோப்புதான், திரும்புங்க, முதுகைக் காட்டுங்க" என்று பிரஷர் அதட்டுவதும், "பிரஷரைக் குறைங்க சகலை, தோல் உரியுது" என்று அவர் கத்துவதும் உள்ளே கேட்டது. சகலை என்ற அந்த உறவைச் சொல்லி அவர் கூப்பிட்டதைக் கேட்டதும் அக்கா கரண்டியை ஒரு நொடி நிறுத்திவிட்டுப் பிறகு கிளறினாள்.

சூடாகச் சோறும் முட்டைப் பொரியலும் வைத்துக்கொண்டு நான்கு பேரும் பம்ப் ஷெட் நிழலில் உட்கார்ந்தார்கள். காதோரமும் நகக்கண்ணிலும் பச்சை மிச்சமிருந்த செடிக்காரர் பாதிச் சாப்பாட்டில் கையை நிறுத்தினார்.

"சகலை, என்னை மன்னிச்சிடுங்க. அன்னைக்கே நீங்க எல்லார் முன்னாடியும் அடிச்சுச் சொன்னீங்க, என் தண்ணி இல்லன்னு. சத்தியம்கூடப் பண்ணீங்க. நான்தான் நம்பல."

'சொல்லுங்க, நல்லா உறைக்கிற மாதிரி ஒரு வார்த்தை சொல்லுங்க' என்று சர்வீஸ் அக்கா புருஷனைப் பெருமையாகப் பார்த்தாள். பிரஷர் தலையை நிமிர்த்தவே இல்லை. தட்டிலிருந்த ஒரு பருக்கையை விரலால் ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டே இருந்தார்.

"நானே எங்க நம்பினேன் சகலை?"